நம்பிக்கையும் இலக்கணமும்: ‘ஸ்பின்’, ‘சிங்குலாரிட்டி’ ஆகிய பணிசெயல் முறைமைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கணனி பற்றித் தமிழில் வெளிவரும் எழுத்துக்களைத் தொகுத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். அவற்றுட் பெரும்பாலானவை கைந்நூல்களாகவோ அன்றேல் புகழுரைகளாகவோ அமைகின்றன. ஒன்றைப் பயன்படுத்தும் முறையைக் கூறுவது முதலாவது வகை. அதன் வருகையைக் கண்டு வியப்பது இரண்டாவது வகை. ஒரு நாவலை, ஒரு நாடகத்தை, ஒரு வரலாற்று நூலை எடுத்து, அது எதனைச் சாதிக்க முனைந்தது, எதனைச் சாதித்தது, எதனைச் சொல்லாமல் விட்டது என வினவும் விமர்சன மரபு எம்மிடையே வேரூன்றியுள்ளது. அம்மரபைக் கணனி முறைமைகளின்பாற் செலுத்துவதற்கு மட்டும் நாம் தயங்குவது ஏன் என்பது விளங்கவில்லை. ஒரு பணிசெயல் முறைமையும் மனிதரால் ஒரு மொழியில் எழுதப்பட்ட ஆக்கமே. யாரை நம்புவது, யாரை ஐயுறுவது என்பது பற்றிய தீர்மானங்கள் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் உறைந்துள்ளன. கலைப்பீட மாணவன் ஒருவன் இத்துறையிற் கால்வைப்பது அத்துமீறல் எனக் கருதுவோர், இக்கட்டுரையின் நடுவே தொல்காப்பியம் குறுக்கிடும்போது சற்றுக் கூடுதலான பொறுமையைக் காட்டுவார்களாக.

இங்கு எடுத்துக்கொள்ளப்படுவன இரண்டு ஆராய்ச்சி முறைமைகள். ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்திற் பிறையன் பேர்ஷாட்டும் அவர்தம் சகபாடிகளும் உருவாக்கி, 1995ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையால் அறியப்பட்ட ‘ஸ்பின்’. மற்றது, மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவிற் கேலன் ஹன்ட், ஜேம்ஸ் லாரஸ் ஆகியோரின் தலைமையில் 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘சிங்குலாரிட்டி’. இவை சந்தைக்கு வந்தவையல்ல. அன்றாடப் பணிக்கு எவரும் அவற்றைப் பயன்படுத்துவதுமில்லை. ஆயினும், அவை எழுப்பிய வினா இன்னும் அடங்கவில்லை. ஒரு முறைமையின் பாதுகாப்பை வன்பொருளின் காவலிலிருந்து எடுத்து, அது எழுதப்படும் மொழியின் இலக்கணத்திடம் ஒப்படைக்கலாமா என்பதே அவ்வினா.

பணிசெயல் முறைமையின் நடுவில் அமைந்து, நினைவகத்தையும் வட்டினையும் வலையமைப்பையும் நேரடியாக ஆளும் பகுதியைப் பொறியியலாளர் ‘கேர்னல்’ என்பர். இங்கு அதனைக் ‘கரு’ என்று குறிப்பிடுவோம். கருவுக்கும் பயனரின் செய்நிரல்களுக்கும் இடையே வன்பொருளால் எழுப்பப்பட்ட ஒரு மதில் உண்டு. மதிலுக்கு வெளியே உள்ள செய்நிரல் தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்திற்கு அப்பால் எதனையும் தொடமுடியாது. உள்ளேயிருந்து ஒரு பணி ஆகவேண்டுமாயின், வாயிலில் நின்று கேட்கவேண்டும். ஒவ்வொரு முறையும் வாயிலைக் கடப்பதற்குக் காலம் செலவாகும். இனி, இம்முறைமைக்குப் புதிய ஆற்றல் ஒன்றைச் சேர்க்க விரும்புபவன் என் செய்வான்? தன் நிரலை மதிலுக்கு வெளியே வைத்தால் அது தவறிழைத்தாலும் பிறர்க்குக் கேடில்லை. ஆனால் வாயிலைக் கடக்கும் செலவு அதனை முடமாக்கும். மதிலுக்கு உள்ளே வைத்தாலோ வேகம் உண்டு. அது தவறினால் அனைத்தும் கூடவே வீழும். 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் இத்துறையில் நிகழ்ந்த விவாதங்களுட் பெரும்பாலானவை இந்த இருதலைக்கொள்ளியின் நடுவே நின்று நடத்தப்பட்டவையே.

உள்ளே வைப்பதன் அபாயம் வெறும் கற்பனையன்று. 2024ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு சிறு தரவுக் கோப்பு, விண்டோஸ் முறைமையில் இயங்கிய ஏறத்தாழ 85 இலட்சம் கணனிகளை வீழ்த்தியது. விமானங்கள் தரித்து நின்றன. வைத்தியசாலைகள் தம் பணிகளைப் பிற்போட்டன. காரணத்தை ஆராய்ந்தபோது தெரியவந்தது இதுதான்: 20 உள்ளீடுகளையே பெற்றிருந்த ஒரு நிரல், 21ஆவது உள்ளீட்டை வாசிக்க முற்பட்டு, தனக்குரியதல்லாத நினைவகத்தினுட் சென்றது. வெளியே இயங்கும் செய்நிரலாயின் அது மட்டும் மடிந்திருக்கும். இது கருவினுள் இயங்கியது. எழுதப்பட்ட மொழியோ, ஓர் அணியின் எல்லையைத் தாண்டுவதைத் தன்னளவிற் குற்றமாகக் கொள்ளாத மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஸ்பின் ஆய்வாளர் 1995இல் முன்வைத்த விடை துணிச்சலானது. மதிலுக்கு உள்ளேயே எவரும் வந்து தம் நீட்சிகளைச் சேர்த்துக்கொள்ளட்டும். ஆனால் தவறு செய்ய இடங்கொடாத ஒரு மொழியில் மட்டுமே அவர்கள் எழுதவேண்டும். அவர்கள் தேர்ந்த மொழி மொடூலா-3. டிஜிட்டல் எக்குயிப்மென்ட் நிறுவனத்தினதும் ஒலிவெட்டி நிறுவனத்தினதும் ஆய்வாளர்களால் 1980களின் பிற்பகுதியில் வகுக்கப்பட்ட அம்மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வகை உண்டு. எண்ணைச் சுட்டியாகவோ, ஒரு வகைப் பொருளை வேறொரு வகைப் பொருளாகவோ கையாள முடியாது. அணியின் எல்லை தாண்டப்படின் இயக்கம் அவ்விடத்திலேயே தடுக்கப்படும். நினைவகத்தை விடுவிக்கும் பொறுப்பும் செய்நிரலாளனிடம் விடப்படுவதில்லை. பயன்முடிந்தவற்றைத் தேடி மீட்கும் ‘குப்பை சேகரிப்பான்’ அதனைக் கவனித்துக்கொள்ளும். இத்தகைய மொழியை ‘வகைக்காப்புடைய மொழி’ எனலாம்.

தமிழ் கற்ற மாணவனுக்கு இக்கருத்து அந்நியமானதன்று. ‘அவன் வந்தது’ என்பதை நாம் பொருள் நோக்கி மறுப்பதில்லை. வந்தவன் யார், ஏன் வந்தான் என்று விசாரிக்கும் முன்னரே திணை வழு எனத் தள்ளிவிடுகிறோம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கம் இத்தகைய இயைபுகளையே ஆராய்கின்றது. வகைக்காப்புடைய மொழியின் தொகுப்பானும் இதனையே செய்கின்றது. செய்நிரலின் நோக்கம் நல்லதா தீயதா என்று அது கேட்பதில்லை. வாக்கியம் வழாநிலையில் உள்ளதா என்று மட்டுமே பார்க்கின்றது. ஒப்புமை இங்கேயே முடிந்துவிடவுமில்லை. எமது இலக்கணிகள் வழு, வழாநிலை என்னும் இரண்டோடு நின்றுவிடவில்லை. வழுவமைதி என்ற மூன்றாவதையும் வகுத்தனர். உவப்பு மிகுதியாற் பசுவொன்றை ‘அம்மை வந்தாள்’ என்பது வழுவே எனினும், காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படுவது. காரணம் கூறப்படவேண்டும் என்பதே அதன் உயிர். மொடூலா-3 மொழியிலும் இதற்கு நிகரான ஏற்பாடு உண்டு. வன்பொருளை நேரடியாகத் தொடவேண்டிய இடங்களில் விதிகளை மீற அனுமதியுண்டு. ஆனால் அத்தகைய கூற்றின் தலைப்பிலேயே ‘காப்பற்றது’ என்ற அடையாளச்சொல் பொறிக்கப்படவேண்டும். அவ்வடையாளம் உள்ள இடைமுகத்தை வழாநிலைக் கூறுகள் உரிமையாக்கிக்கொள்ள முடியாது. ஸ்பின்னை மதிப்பிடுவதற்கு இதுவே தக்க அளவுகோல் என்பது என் துணிபு. அது வழுக்களை ஒழித்ததா என்பதிலும், தன் வழுவமைதிகளை எங்கே வைத்தது, அவற்றுக்குக் காரணம் கூறியதா என்பதிலேயே நாம் கருத்தூன்ற வேண்டும்.

முதலில் அதன் சாதனையைச் சொல்லியாக வேண்டும். ஸ்பின்னிற் கருவின் ஒவ்வொரு இடைமுகமும் ஏற்றுமதி செய்யும் செயற்கூறு ஒரு ‘நிகழ்வு’ ஆகும். நினைவகப் பக்கம் ஒன்று இல்லாதிருப்பது, வலையமைப்பிற் பொதியொன்று வந்துசேர்வது முதலியன நிகழ்வுகள். வெளியிலிருந்து வரும் நீட்சி, தான் கவனிக்க விரும்பும் நிகழ்விற்கு அதே வகையுடைய தனது செயற்கூற்றைக் கட்டிவிடுகின்றது. எவ்வெச் சந்தர்ப்பங்களில் அது அழைக்கப்படவேண்டும் என்பதற்கு ஒரு காவல் நிபந்தனையையும் இணைக்கலாம். நிகழ்வுக்கு உரிமையுடைய கூறு அதனை மறுக்கவும் கட்டுப்படுத்தவும் கூடும். நீட்சிகள் கருவின் அதே முகவரி வெளியில் ஏற்றப்படுகின்றன. ஒரு வளத்தைப் பயன்படுத்தும் உரிமை, அவ்வளத்திற்கான சுட்டியைக் கையில் வைத்திருப்பதேயாகும்; போலிச் சுட்டியைப் புனைய மொழி இடங்கொடாமையால் உரிமையையும் எவரும் புனையமுடியாது. எனவே, மதிலைக் கடத்தல் என்பது சாதாரணச் செயற்கூற்று அழைப்பாகச் சுருங்கிவிடுகின்றது. 133 மெகாஹேர்ட்ஸ் வேகமுடைய அல்பா செயலியில் அவர்கள் அளந்தபோது, காப்புடன் கூடிய உள்ளக அழைப்பு ஒன்றுக்கு 0.13 மைக்ரோசெக்கன் சென்றது. வாயில்வழிச் செல்லும் வழமையான அழைப்புக்கு அதே முறைமையில் 4 மைக்ரோசெக்கன்; ஒரு முகவரி வெளியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் அழைப்புக்கு 89 மைக்ரோசெக்கன். ஒளிப்படக்காட்சிகளை வலையமைப்பில் அனுப்பும் சேவையொன்றை அவர்கள் நீட்சியாக எழுதினர். 15 ஓட்டங்களில் வலையமைப்பு நிரம்பியபோது, அக்காலத்து வணிக முறைமையாகிய ஓ.எஸ்.எவ்./1 செலவிட்ட செயலி நேரத்தின் அரைவாசியே அதற்குப் போதுமானதாயிற்று. இவை சிறிய சாதனைகளல்ல.

அடுத்து, சாதனையின் அடித்தளத்தை நோக்குவோம். கருவினுட் சேர்க்கப்பட வரும் கோப்பு உண்மையிலேயே மொடூலா-3 மொழியில் எழுதப்பட்டது என்பதைக் கரு எவ்வாறு அறியும்? கருவுக்கு வருவது மூலநிரலன்று. இயந்திர மொழிக் கோப்பேயாகும். தொகுப்பான் அதில் ஒரு கையொப்பத்தை இடும். கரு அக்கையொப்பத்தைப் பார்த்து ஏற்கும். ஆக, வன்பொருளின்மேல் இருந்த நம்பிக்கை மறைந்துவிடவில்லை. அது தொகுப்பானிடம் இடம்பெயர்ந்துள்ளது. வன்பொருளின் மதில் எவரையும் நம்பாது எல்லோரையும் ஒருபடித்தாகத் தடுத்தது. கையொப்பமோ, யார் இட்டது என்ற வினாவைத் தன்னுள் அடக்கியது. கையொப்பமிடும் அதிகாரம் எவனிடம் உண்டோ அவனே முறைமையின் உண்மையான உரிமையாளன் என்பதை ஆய்வுரை விரித்துப் பேசவில்லை. இதற்கு மறுத்தான் போல, மறு ஆண்டிலேயே ஜோர்ஜ் நெக்யூலாவும் பீற்றர் லீயும் வேறொரு வழியைக் காட்டினர். நிரலைத் தருபவனே அதன் பாதுகாப்புக்கான நிறுவலையும் உடன் தருவான், பெறுபவன் ஒரு சிறு சரிபார்ப்பானால் அதனைச் சோதித்தாற் போதும், தொகுப்பானை நம்பவேண்டியதில்லை. ஸ்பின்னின் பலவீனம் எங்கிருந்தது என்பதை ஸ்பின்னைப் பற்றிய எந்த விமர்சனத்தினும் தெளிவாக அவ்வாய்வு காட்டியது எனலாம்.

இன்னும் சுவையானது சாதன இயக்கிகளின் கதை. வட்டு, வலையமைப்பு அட்டை முதலியவற்றை இயக்கும் நிரல்களைத் தாமே புதிதாக எழுதச் சியாட்டில் குழுவினர்க்கு ஆள்வளமும் இல்லை, அவகாசமும் இல்லை. ஓ.எஸ்.எவ்./1 முறைமைக்கென உற்பத்தியாளர் சி மொழியில் எழுதிய இயக்கிகளை அப்படியே எடுத்து இணைத்துக்கொண்டனர். அவை வகைக்காப்புடையன அல்ல. ஆனால் காப்புடையன எனக் கரு உறுதிகூறிவிடும். அதாவது, தொகுப்பானின் கையொப்பம் இல்லாதவிடத்து, கருவின் வெறும் வாக்குமூலம் அதனிடத்தை எடுத்துக்கொள்கின்றது. இஃது ஒரு வழுவமைதி, காரணமும் வெளிப்படை. ஆய்வாளரின் நேர்மையை இங்கு பாராட்டாதிருக்க முடியாது. இவ்வாறு வாக்குமூலத்தாற் சேர்க்கப்பட்ட கோப்புகளைத் தாம் விரும்புவதில்லை என்றும், முறைமையின் வழுக்களுள் அவற்றின் பங்கு அளவுக்கு மீறியது என்றும் அவர்களே எழுதியுள்ளனர். தம் ஆக்கத்தின் தையல் எங்கே பிரிகிறது என்பதைத் தாமே சுட்டிக்காட்டும் எழுத்து இத்துறையில் அரிது. நம் இலக்கிய விமர்சனத்திலும் அது மலிந்து கிடக்கவில்லை.

ஆனால் அவர்கள் போதிய அழுத்தம் கொடாது கடந்துசென்ற இடமும் ஒன்றுண்டு. இலக்கண வழு இல்லாத வாக்கியத்தாற் பொய் சொல்லலாம், வசை பாடலாம், முடிவின்றிப் பிதற்றலும் ஆம். வகை விதிகள் அனைத்தையும் கடைப்பிடித்து எழுதப்பட்ட நீட்சி, ஒரு பூட்டைப் பற்றிக்கொண்டு விடாதிருக்கலாம். நினைவகத்தைக் கேட்டுக்கேட்டு முற்றாக விழுங்கலாம். ஒரு சுழலுக்குட் புகுந்து மீளாதிருக்கலாம். ஸ்பின் இறுதியானதற்கு மட்டும் ஒரு பரிகாரம் கண்டது: இடையில் நிறுத்தப்பட்டாலும் தீங்கில்லாத செயற்கூறுகளைத் தனியே அடையாளமிட மொடூலா-3 மொழியையே சற்று மாற்றியமைத்தது. ஏனையவற்றை வெளிப்படையாக எதிர்கொண்டது, அதே காலத்தில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் மாகோ செல்ற்சரும் சகபாடிகளும் ஆக்கிய ‘வீனோ’ முறைமை. 1996இல் வெளிவந்த அவர்களது ஆய்வுரை, நீட்சிகள் இழைக்கக்கூடிய கேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கின்றது. நீட்சியின் ஒவ்வொரு இயக்கத்தையும் வங்கிக் கொடுக்கல்வாங்கல் போன்ற ஒரு பரிமாற்றமாகக் கொண்டு, அது பிழைத்தால் நிகழ்ந்தவற்றை மீளப்பெறும் வழியை அமைக்கின்றது. மொழியின்மீது அவர்களுக்கு இருந்த நம்பிக்கை குறைவு. தீங்கு பற்றிய கற்பனை அதிகம். ஒரு பணிசெயல் முறைமையாளனுக்கு இரண்டாவதே வேண்டற்பாலது என நினைக்கத் தோன்றுகிறது. முன்னே குறிப்பிட்ட 21ஆவது உள்ளீட்டின் கதையை இங்கு மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். வகைக்காப்புடைய மொழி அந்த வாசிப்பைத் தடுத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. தடுக்கப்பட்ட அக்கணத்தில், பாதி முடிந்த நிலையில் நிற்கும் பணியை என்ன செய்வது என்பதற்கு மொழி விடை கூறாது. வீனோ கூற முயன்றது.

வரலாற்றுப் பின்னணியிலும் ஒரு தடையை எழுப்பவேண்டியுள்ளது. ஸ்பின் ஆய்வுரை 1995ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் கொலராடோ மாநிலத்தின் கொப்பர் மவுண்டன் என்னுமிடத்தில் நடைபெற்ற பணிசெயல் முறைமைக் கோட்பாடுகள் பற்றிய ஆய்வரங்கிற் சமர்ப்பிக்கப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தாரின் எக்சோகேர்னல் ஆய்வும் அங்கேயே வாசிக்கப்பட்டது. அதே அரங்கில் ஜேர்மனியைச் சேர்ந்த யோகென் லீட்கே, வாயிலைக் கடப்பது இயல்பிலேயே செலவு மிக்கது என்ற கருத்தையே மறுத்தார். மாக் போன்ற முறைமைகளின் மந்தம் மதிலின் குற்றமன்று. அவை கட்டப்பட்ட விதத்தின் குற்றம் என்பது அவர் வாதம். 50 மெகாஹேர்ட்ஸ் 486 செயலியில், மாக் ஏறத்தாழ 115 மைக்ரோசெக்கனிற் செய்த செய்திப் பரிமாற்றத்தைத் தமது முறைமை 5 மைக்ரோசெக்கனிற் செய்ததை அவர் எடுத்துக்காட்டினார். ஸ்பின் தன்னை ஒப்பிட்டது ஓ.எஸ்.எவ்./1 உடனும் மாக்குடனுமே. எதிராளியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வசதி உண்டு என்பதை விவாத மேடைகளை அறிந்த பல்கலைக்கழக வாசகர்க்கு விளக்கத் தேவையில்லை. எனினும் 0.13 என்ற எண்ணை லீட்கேயாலும் எட்டமுடியவில்லை. ஆகவே, ஸ்பின்னின் பொருளாதார வாதம் தளர்ந்ததேயன்றி வீழ்ந்துவிடவில்லை.

சிங்குலாரிட்டியிடம் வருவோம். அதுவும் வகைக்காப்பிலேயே தன் வீட்டைக் கட்டிற்று. சி ஷார்ப் மொழியின் வழிவந்த சிங் ஷார்ப் அதன் மொழி. ஆயின் அதே மூலத்திலிருந்து அது பெற்ற முடிவு ஸ்பின்னுக்கு நேர்மாறானது. ஸ்பின் கதவைத் திறந்து நீட்சிகளை உள்ளே அழைத்தது; சிங்குலாரிட்டி ஒவ்வொரு செய்நிரலையும் முத்திரையிட்டு மூடியது. ஓடத் தொடங்கிய பின் எந்தச் செய்நிரலும் தன்னுட் புதிய நிரலை ஏற்றிக்கொள்ள முடியாது. நீட்சி வேண்டுமாயின் அது தனியொரு முறைவழியாகவே இயங்கவேண்டும். சாதன இயக்கிகளும் அவ்வாறே. இருவர்க்கிடையே தொடர்பு, முன்கூட்டியே எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்துக்கு அமைந்த வாய்க்கால்வழியே நிகழும். எந்தச் செய்தியின் பின் எந்தச் செய்தி வரலாம் என்பதைத் தொகுப்பானே சரிபார்க்கும். அனுப்பப்பட்ட தரவு அனுப்பியவனுக்கு மீண்டும் உரியதாகாது. நினைவகத்தை இருவர் ஒருபோதும் பகிர்ந்துகொள்ளாமையால், ஒருவன் மடிந்தால் அவனுக்குரியவற்றை அகற்றிவிட்டு ஏனையோர் தொடரலாம். இவ்வளவும் வன்பொருள் மதில் இன்றியே கைகூடிற்று. அம்மதிலை வேண்டுமென்றே திரும்பச் சேர்த்து அவர்கள் நடத்திய பரிசோதனை குறிப்பிடத்தக்கது. வலைச் சேவையை ஒத்த ஒரு சோதனை நிரலில் வன்பொருட் காப்பு முழுவதையும் சேர்த்தபோது இயங்கு நேரம் 37.7 வீதத்தால் உயர்ந்தது. மொழி இயங்குகையில் நடத்தும் எல்லைச் சோதனைகளை நீக்கியபோது மிச்சமானது 4.7 வீதம் மட்டுமே. மதிலுக்கு நாம் காலங்காலமாகச் செலுத்திவந்த வரி எவ்வளவு என்பதை இத்துணைத் தெளிவாக எவரும் முன்னர் அளந்ததில்லை.

முறைமை என்ற வகையிற் சிங்குலாரிட்டியே சிறந்தது. அதன் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. தீங்கு பற்றிய கற்பனையும் அதில் உண்டு. ஆனால் ஸ்பின்னே முக்கியமான ஆக்கம் என்பேன். காரணம், நீட்சி என்ற சொல் இவ்விரண்டிற்குமிடையே தன் பொருளை இழந்துவிடுகின்றது. ஸ்பின்னில் நீட்சி என்பது பயன்படுத்துபவன் முறைமையின் உள்ளுக்கே சென்று, நினைவகத்தை எவ்வாறு பங்கிடுவது, பொதியை எவ்வாறு கையாள்வது என்ற தீர்மானங்களில் தன் கையை வைப்பதாகும். சிங்குலாரிட்டியில் நீட்சி என்பது அயலில் ஒரு கடையைத் திறந்து, எழுதப்பட்ட ஒப்பந்தத்தின்படி வீட்டுக்காரனுடன் வியாபாரம் செய்வதாகும். இரண்டாவது பாதுகாப்பானது. ஆயினும் வீட்டின் அமைப்பை மாற்றும் உரிமை வீட்டுக்காரனிடமே எஞ்சிவிடுகின்றது. முதலாவது ஒரு பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பட்டது. இரண்டாவது உலகின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்றின் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது. இதனை வைத்துப் பொறிமுறையாக ஒரு முடிவுக்கு வருதல் தகாது. ஆனால் அந்நிறுவனத்தின் விண்டோஸ் முறைமை, பிறர் எழுதிய இயக்கிகளின் தவறுகளுக்காக நெடுங்காலம் பழிசுமந்தது என்பதை அறிந்தவர்கட்கு, சிங்குலாரிட்டியின் மூடிய கதவுகள் வியப்பளிக்கமாட்டா.

சிங்குலாரிட்டிக்கும் வழுவமைதிகள் உண்டு. அதன் குப்பை சேகரிப்பானே வகைவிதிகளை மீறி எழுதப்பட்டதாகும். நினைவகத்தை வகை என்ற திரையின்றி வெறும் சொற்களாகக் காணாமல் அதனைத் துப்புரவு செய்ய இயலாது. விதியைக் காப்பவன் விதிக்கு வெளியே நிற்கவேண்டியிருக்கின்ற இம்முரண்பாடு இத்தகைய எல்லா முறைமைகளிலும் வெவ்வேறு கோலங்களில் வெளிப்படுகின்றது. 2010இல் ஜீன் யாங்கும் கிறிஸ் ஹோப்லிற்செலும் வெளியிட்ட ‘வேர்வ்’ முறைமை இம்முரண்பாட்டை நேரடியாகவே தாக்கிற்று. வழுவமைதிகள் அனைத்தையும் கருவின் அடியிலுள்ள ஒரு சிறு உட்கருவினுள் ஒதுக்கி, அவ்வுட்கரு சரியாக இயங்குமென்பதைக் கணித நிறுவலாற் காட்டி, எஞ்சிய யாவற்றையும் இயந்திர மொழி மட்டத்திலேயே வகைச்சோதனைக்கு உட்படுத்தியது. தொகுப்பானின் கையொப்பத்தை இங்கு நம்பவேண்டியதில்லை. காரணம் கூறப்பட்ட வழுவமைதிக்கு இதனிலும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

ஆயினும் உலகில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் மொடூலா-3 மொழியிலும் சிங் ஷார்ப் மொழியிலும் எழுதப்பட்டவையல்லவே. இதனைப் பேர்ஷாட்டே உணர்ந்திருந்தார் என்பதற்கு 2003இல் அவர் மைக்கல் சுவிவ்ற், ஹென்றி லெவி ஆகியோருடன் வெளியிட்ட ‘நூக்ஸ்’ ஆய்வு சான்று. விண்டோஸ் எக்ஸ்பி முறைமையில் அக்காலத்தில் அறிவிக்கப்பட்ட வீழ்ச்சிகளுள் 85 வீதத்துக்குச் சாதன இயக்கிகளே காரணம் என அவ்வாய்வு எடுத்துக்காட்டிற்று. அவர்கள் கண்ட பரிகாரம் என்ன? சி மொழியில் ஏற்கெனவே எழுதப்பட்ட இயக்கிகளை, வன்பொருளின் நினைவகக் காப்பைக்கொண்டே கருவினுள் வேலியிட்டுப் பிரித்தலாகும். எட்டு ஆண்டுகளுக்கு முன் மதிலின்றி வாழலாம் எனக் காட்டியவர் மீண்டும் வேலி கட்டவந்தார். இதனைப் பின்வாங்கலாகக் கொள்வோர் உளர். என் நோக்கில், ஸ்பின்னில் வாக்குமூலத்தால் உள்ளே விடப்பட்ட அந்த ஓ.எஸ்.எவ்./1 இயக்கிகளுக்கு அளிக்கப்பட்ட காலந்தாழ்ந்த மறுமொழியே நூக்ஸ். கடன் அங்கேயே எழுதப்பட்டிருந்தது.

இன்று அவ்விரு பாதைகளும் லினக்ஸ் முறைமையினுள் அருகருகே செல்கின்றன. 2014 முதல் அதன் கரு, வெளியிலிருந்து வரும் சிறு நிரல்களை ஒரு சரிபார்ப்பானால் ஆராய்ந்து உள்ளே ஏற்கின்றது. சுழல்கள் முடிவுறுமா, நினைவக எல்லை மீறப்படுமா என்று அது நிரலின் ஒவ்வொரு வழியையும் நடந்து பார்க்கின்றது. ஸ்பின் கடந்துசென்ற வினாவுக்கு இவ்வகையில் ஓர் இறுக்கமான விடை கிட்டியுள்ளது. 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்த 6.1 பதிப்பிலிருந்து ரஸ்ட் மொழிக்கும் அக்கருவில் இடமளிக்கப்பட்டது. குப்பை சேகரிப்பான் இன்றியே நினைவகக் காப்பைத் தரும் மொழி அது. குப்பை சேகரிப்பானின் விலை எவ்வளவு என்பதைக் கோ மொழியிற் கரு ஒன்றை எழுதி 2018இல் அளந்த மாசசூசெட்ஸ் ஆய்வாளர், ஒத்த பாதைகளில் அது சி மொழியினும் 5 முதல் 15 வீதம் மந்தமானது எனக் கண்டிருந்தனர். ரஸ்ட் மொழியிலும் விதி மீறப்படும் பகுதிகள் பெயரிட்டு அடைக்கப்படுகின்றன. அத்தகைய ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, அது ஏன் தீங்கற்றது என்ற காரணத்தைக் குறிப்பாக எழுதும் வழக்கத்தைக் கருவின் எழுத்தாளர்கள் வற்புறுத்துகின்றனர். இலக்கணிகள் இதனை விரும்பியிருப்பர்.

ஆனால் 2018ஆம் ஆண்டு சனவரியில் ‘ஸ்பெக்டர்’ என்ற பெயரில் வெளிப்பட்ட குறைபாடு இவ்விவாதம் முழுவதையும் வேறொரு கோணத்திற்குத் திருப்பிவிட்டது. நவீன செயலிகள் வேகத்தின் பொருட்டு, எல்லைச் சோதனையின் முடிவு வருமுன்னரே அது சாதகமாகவே இருக்கும் என ஊகித்து மேலே ஓடுகின்றன. ஊகம் பிழைத்தால் செய்தவற்றைக் கைவிடுகின்றன. கைவிடப்பட்ட அவ்வோட்டம் செயலியின் விரைவு நினைவகத்தில் விட்டுச்செல்லும் தடத்திலிருந்து, வாசிக்கக்கூடாத தரவை ஊகித்தறியலாம். செய்நிரல் வழாநிலையிலேயே உள்ளது; தொகுப்பான் எல்லைச் சோதனையை ஒழுங்காக இட்டுள்ளது; சோதனையும் தவறாது மறுக்கின்றது. ஆயினும் இரகசியம் கசிந்துவிடுகின்றது. வேர்வ் முறைமையின் நிறுவலும்கூடச் செயலி இவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைத் தன் கணக்கில் எடுத்திருக்கவில்லை. ஒரே முகவரி வெளியில் மொழியின் காவலில் மட்டும் தங்கியிருந்தவை அனைத்தையும் இது தாக்கியது. நிரல்களின் வெவ்வேறு பகுதிகளை நெடுங்காலம் மொழியின் விதிகளை மட்டும் கொண்டு பிரித்துவைத்திருந்த வலையுலாவிகளே முதலில் அசைந்தன. அதே ஆண்டின் நடுப்பகுதியிற் குரோம் உலாவி, ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி முறைவழியில், வன்பொருளின் மதிலுக்குப் பின்னால், குடியமர்த்தியது.